ஓடுற மிஷினைத் தொடாத கதை

2020 கொரோனா நேரம். வீட்டிலிருந்தே வேலை என்பதால் விஸ்வநத்தத்துக்கு வந்துவிட்டேன். மாமாவின் அச்சகத்தில் ஒரே ஒரு சர்வர். அதில் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ 6.7, அதன்மேல் மூன்று மெய்நிகர் கணினிகள்: டேலி, டிசைன் ஃபைல்கள், பேக்கப். அந்த ஏப்ரலில்தான் 7.0 வெளியாகியிருந்தது. சும்மா இருக்க முடியுமா? தனி பென்டிரைவில் போட்டுப் பார்த்தேன். நெட்வொர்க் கார்டே தெரியவில்லை என்று இன்ஸ்டாலர் நின்றுவிட்டது.

காரணம் பழசு. ஈஎஸ்எக்ஸ் ஆரம்ப காலத்தில் லினக்ஸ் டிரைவர்களைக் கடன் வாங்கித்தான் ஓடியது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி 'விஎம்கேலினக்ஸ்' என்றொரு அடுக்கு. 2013-இல் 5.5 பதிப்போடு சொந்த டிரைவர்கள் வரத் தொடங்கின, 7.0-இல் அந்த அடுக்கையே தூக்கிவிட்டார்கள். எங்கள் சர்வரில் இருந்தது மலிவான ரியல்டெக் கார்டு. யாரோ ஆர்வலர் செய்து கொடுத்த பழைய டிரைவரில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு 7.0-இல் இடமில்லை.

"ஓடுற மிஷின்ல கைய வைக்காத மாப்ள. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் போடணும்" என்றார் மாமா. சிவகாசியில் ஆடி 18-க்கு மேல் வேறு பேச்சு கிடையாது. நானும் விட்டுவிட்டேன்.

2021 பிப்ரவரி 23-இல் ஓப்பன்எஸ்எல்பி என்ற சேவையிலிருந்த ஓட்டைக்கு விஎம்வேர் திருத்தம் வெளியிட்டது. அதே வருடம் நவம்பரில் 7.0 அப்டேட் 3-ஐ அவர்களே திரும்பப் பெற்றார்கள். ஒரு இன்டெல் டிரைவரின் பெயர் ஐ40ஈஎன், ஐ40ஈஎன்யூ என்று மாறியதில் சில சர்வர்களில் அப்டேட் முட்டிக்கொண்டு நின்றது. அதுவும் ஒரு காரணம். 'பாத்தியா, தொடாததே நல்லது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருத்திய பதிப்பு 2022 ஜனவரியில்தான் வந்தது.

2023 பிப்ரவரி 3. 427-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் பூட்டப்பட்டன. பிரான்சின் செர்ட் அமைப்பு அன்றே எச்சரித்தது. சந்தேகம் விழுந்த ஓட்டை, ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே திருத்தம் வந்த அதே ஓட்டை.

பலரும் 'சோம்பேறித்தனம்' என்று எழுதினார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அந்தத் திருத்தம் 6.5-க்கும் 6.7-க்கும் தனியாகவே வந்திருந்தது. டிரைவரை இழக்காமல் போட்டிருக்கலாம். 7.0-க்குத் தாவுவதும், இருக்கும் பதிப்பில் ஓட்டையை அடைப்பதும் வேறு வேறு வேலை. இரண்டையும் 'அப்டேட்' என்ற ஒரே மூட்டையில் கட்டி, ஒன்றுக்குப் பயந்து மற்றதையும் விட்டவர்களில் நானும் ஒருவன். நாங்கள் தப்பியது கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. அந்த சர்வர் வெளியே தெரியாமல் உள் நெட்வொர்க்கில் மட்டும் இருந்தது.

அன்று ராத்திரியே எஸ்எல்பி சேவையை நிறுத்தினேன். காலண்டர் சீசன் ஓய்ந்த மாசியில் இன்டெல் கார்டு வாங்கி மாட்டி, அதற்குச் சரியான டிரைவர் உள்ள இமேஜோடு 7.0-க்கு மாறினோம். இமேஜ் பதிப்பு, டிரைவர் பதிப்பு, தேதி மூன்றையும் ஒரு ஆர்ட் பேப்பர் துண்டில் எழுதி சர்வர் மேல் ஒட்டினேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டுக் கேட்டார்: "அடுத்து எப்ப மாப்ள தொடணும்?"