‘வல்கர்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: ஒரு வரலாற்றுக் குறிப்பு

சொற்பொருள் மாற்றத்தை ஆராய்வோர் உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு எனப் பாகுபடுத்துவர். ஒரு சொல்லை இழித்தவர் யார் என்னும் வினா இப்பாகுபாட்டினுள் அடங்குவதில்லை. இன்று ‘நயமற்ற’, ‘ஆபாசமான’ என்று பொருள்படும் ‘வல்கர்’ என்னும் ஆங்கிலச் சொல் அவ்வினாவை எழுப்புவது.

இலத்தீனில் ‘வுல்குஸ்’ என்பது பொதுமக்களைக் குறித்தது. அதனடியாகப் பிறந்த ‘வுல்காரிஸ்’ பொதுவான, வழக்கமான எனப் பொருள்பட்டது. உரோமாபுரி மேற்குடியினரின் அலட்சியம் அதில் அன்றே ஓரளவு படிந்திருந்தது. எனினும் அதுவே அதன் முதன்மைப் பொருளாகிவிடவில்லை. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜெரோம் தொடங்கிய இலத்தீன் விவிலியம், பொதுவில் வழங்குவது என்னும் கருத்தில், ‘வுல்காத்தா’ எனப் பெயர் பெற்றது. மக்கள் மொழியின் ஆற்றலை நிறுவ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்தே எழுதிய நூலின் தலைப்பிலும் இச்சொல்லே உள்ளது. (அதனை அவர் இலத்தீனில் எழுத நேர்ந்தமை கல்வியுலகின் அன்றைய நிலைக்குச் சான்று.) ஆங்கிலத்துள் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் புகுந்தபோதும் அது வசைச்சொல்லன்று. கணித நூல்களில் சாதாரண பின்னத்துக்கு வழங்கிய ‘வல்கர் பின்னம்’ என்னும் பெயர் அப்பழைய பொருளின் எச்சமாகும்.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ‘பண்பற்ற’ என்னும் பொருள் தலைகாட்டுகின்றது. இரு நூல்களை ஒப்புநோக்கினால் மாற்றத்தின் அளவு புலனாகும். 1662இல் வெளியான ஆங்கிலத் திருச்சபையின் பொது மன்றாட்டு நூல், ஞானஸ்நானம் பெறும் குழந்தை விசுவாசப் பிரமாணத்தை ‘வல்கர்’ மொழியில், அதாவது தாய்மொழியில், கற்கவேண்டுமெனப் பணித்தது. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் ‘வல்கர்’ மொழிக்கு ஓர் அகராதி வெளியிட்டார். அதில் இருப்பவை திருடர், மாலுமிகள், தெருவோர் ஆகியோரின் கொச்சைச் சொற்கள். தொடர் ஒன்றே, செபத்துக்கு உரியதாயிருந்த மொழி தெருவுக்கு உரியதாயிற்று.

இடைப்பட்ட காலத்தில் வணிகத்தாற் செல்வம் பெற்ற நடுத்தர வர்க்கம், தன்னைக் கீழுள்ளோரிடமிருந்து பிரித்துக் காட்ட, உச்சரிப்பையும் இலக்கணத்தையும் நாடியது. இது வெறும் நாகரிகப் பிரச்சினையன்று. உருக்குத் தொழிலாளர் நிறைந்த ஷெபீல்ட் நகரிலிருந்து 1793இல் வாக்குரிமைச் சீர்திருத்தம் கோரிப் பல்லாயிரவர் ஒப்பமிட்ட மனு சென்றது. அதன் மொழி மரியாதையற்றதெனக் கூறிப் பாராளுமன்றம் அதனை ஏற்க மறுத்தது. மொழிநடையே அரசியல் உரிமைக்கு வேலியாயிற்று. 1960களில் ஈழத்து மரபுப் போராட்டத்தின்போது, பொதுமக்கள் பேச்சைப் படைப்பிலக்கியத்திற் கையாண்டோர்மீது ‘இழிசனர் வழக்கு’ என்னும் பழி வீசப்பட்டமை இங்கு நினைவுக்கு வருகின்றது.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதற் றொகுதியில், உற்பத்தி உறவுகளின் உள்ளியல்பை ஆராயாது புறத்தோற்றத்தோடு அமைந்துவிடும் பொருளியலைக் கார்ல் மார்க்ஸ் குறித்ததும் இச்சொல்லின் ஜெர்மன் வடிவத்தாலேயே. அதன் வழியில் ‘வல்கர் மார்க்சியம்’ என்னும் தொடர் பின்னர் எழுந்தது. தமிழில் இடதுசாரி விவாதங்களில் அது ‘கொச்சை மார்க்சியம்’ என வழங்குகின்றது. ‘இழிசனர் வழக்கு’ என்பதைக் கேட்டுச் சினக்கும் நாம் இத்தொடரை எழுதும்போது பேனாவை நிறுத்துவதில்லை.