பதினொரு நாள் குறைந்த வருஷம்

சயாமின் மேலாதிக்கத்திலிருந்து 1909-இல் பிரிட்டிஷார் வசம் கெடா மாறியபொழுது, ஆலோசகராக அலோர் ஸ்டாரில் வந்தமர்ந்த ஜார்ஜ் மாக்ஸ்வெல் எழுதிய முதல் வருஷாந்தர அறிக்கை, ஹிஜ்ரி 1327-க்கு உரியது. அதாவது, 1909 ஜனவரி 23 முதல் 1910 ஜனவரி 12 வரையில். சந்திரமான வருஷம் சூரியமான வருஷத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவாதலால், பினாங்கு நீதிஸ்தலங்கள் ஜனவரிக்கு ஜனவரி எண்ணிய வழக்குத் தொகையோடு கெடாவின் தொகையை அப்படியே ஒப்பிடும் உத்தியோகஸ்தர், இங்கே குற்றம் சற்றுக் குறைந்ததாக வீணே மகிழ்ந்துபோகக் கூடும்!

சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகி, கங்காணிமாரோடு நம்மவர் வந்து குடியேறிய பின்னர், காலக்கணக்கோடு பாஷைச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வராதவனென்றும் தோட்டத்தை விட்டு ஓடினவனென்றும் தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் குறிக்கப்பட்டவன், கோர்ட்டில் தமிழில் சொன்னதைத் துபாஷி மலாயில் பெயர்க்க, ராஜ்ய நிர்வாகத்தின் ஜாவி லிபியில் அது ஏறி, ஆலோசகரின் ஆங்கில அறிக்கையில் ஓர் எண்ணாக ஒடுங்கும். அவன் சொன்ன காரணத்துக்கு அந்த அட்டவணையில் இடமேது?

நீதிமன்றத்தைச் சீர்செய்யவே எண்ணிக்கையைக் கையாண்டது வெகுகாலம் கழித்துத்தான். 2008-இல் மலேசியாவின் தலைமை நீதிபதியான ஜாக்கி அஸ்மி, தேங்கிய கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணச் செய்தார். அம்முயற்சியைப் பற்றி 2011-இல் உலக வங்கி தனி அறிக்கையே வெளியிட்டது.

பாட்டனார் காலத்துச் சம்மன் காகிதமோ, செக்ரோல் துண்டோ வீட்டுப் பெட்டியில் கிடந்தால், அட்டவணையில் இடம்பெறாதது அதில் இருக்கக் கூடுமாதலால், கெடா வாசகர்கள் தயவுசெய்து அதைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம்.