தற்குறிப்பேற்றமும் கொடைமடமும்

அணியிலக்கணம் பயிலும் மாணாக்கருட் பலர் உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் என்னும் பெயர்களை நெட்டுருச் செய்தும் அவற்றின் வேறுபாட்டை உணராதொழிகின்றனர். பெயர் தோன்றிய காலம் வேறு, பொருள் வழங்கிய காலம் வேறு என்பதனையும், தம்முள் அணுகி நிற்பனவற்றைப் பிரித்தறியுமாற்றையும் பழனிமலைத் தலைவன் ஒருவன் வரலாற்றான் ஈண்டு விளக்குதும்.

தொல்காப்பியனார் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் வழியாக உவமம் தோன்றும் என்றனர். தற்குறிப்பேற்றம் என்னும் பெயர் அவர் நூலில் இல்லை. வடமொழி அணிநூன் முறையைத் தழுவியன, வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துப் புத்தமித்திரனார் செய்த வீரசோழியமும், 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த தண்டியலங்காரமுமாம். பின்னையது பொருளணி 35 கூறும். வடநூலார் உற்பிரேட்சை என்பதே தமிழில் தற்குறிப்பேற்றம் எனப் பெயர் பெற்றது. எனினும், மதுரை மதிற்கொடிகள் காற்றான் அசைதலைக் கோவலனை வாராதொழிகவெனக் கைகாட்டுதலாக இளங்கோவடிகள் பாடினமை இந்நூல்களுக்கு முற்பட்டது. ஆதலின், பின்னர் வந்தன பெயரும் பாகுபாடுமே. பொருள் பண்டே தமிழ்ச் செய்யுளிற் பயின்றது என்க.

இனி, பள்ளங்கி முதலிய மலையூர்கள் அமைந்த பழனிமலைத் தொடரின்கண் பண்டு ஆவியர் குடித்தலைவனாய் விளங்கியவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயில் குளிரான் நடுங்கிற்றென்று இரங்கித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் அவன். மயில் அதனை உடுத்தலும் போர்த்தலும் இல்லையே எனின், அதுபற்றியன்றே பரணர் அவன் செயலைக் கொடைமடம் என்றது. கொள்வோர் தரம் நோக்காது வழங்குதல் கொடைமடமாம். வறுங்குளத்தும் வயலினும் களரினும் ஒப்பப் பெய்யும் மழையை அவர் அவனுக்கு உவமை கூறினார். வரையாது வழங்குதல் பொதுத்தன்மை ஆகலின், அது வினையுவமம்.

மயிலின்மேல் நடுக்கத்தை ஏற்றினமையின் பேகன் செயலும் தற்குறிப்பேற்றமாகாதோ எனின், ஆகாது. கொடி கைகாட்டாமையைப் புலவன் அறிவான். அறிந்தே தன் குறிப்பை ஏற்றுகின்றான். பேகனோ நடுக்கம் மெய்யெனவே கொண்டான். முன்னது செய்யுளின் அழகு. பின்னது அருளின் பெருக்கு.

அவ்வருள் தன் மனைக்கண் சென்றிலது. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து பிறளொருத்திபால் ஒழுகினான். அதுகண்ட பரணர், மயிலுக்குப் போர்வை ஈந்தோய் என அவனை விளித்து, யாம் பசித்து வந்திலேம், நீ இன்றே தேரேறிச் சென்று அவள் துயர் களைதலே யாம் வேண்டும் பரிசில் என்றனர். கபிலர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்போரும் அவள்பொருட்டுப் பாடினர். பறவையின் நடுக்கம் கண்டு இரங்கினோன் கண்ணகியின் கண்ணீரைக் காணானாயினான் என்னும் இடித்துரை அவ்விளியுள்ளே அடங்கிக் கிடந்தது. அடைமொழி வெற்றழகிற்கன்றிக் கருத்துணர்த்தற்கு நிற்குமாறு இதனாற் பெறப்படும்.

1894-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்த புறநானூற்றான் இப்பாடல்கள் யாவர்க்கும் எளியவாயின. மாணாக்கர் அணியின் பெயரை முதற்கண் உருச்செய்யாது, பாடியோன் யாது கருதி யாரை நோக்கிப் பாடினான் என வினாவிப் பயில்வாராக. அதன்பின் பெயர் தானே நெஞ்சில் நிற்கும்.