காரின் மூக்கு எங்கே இருக்க வேண்டும்? மெட்ராஸ் கார்கள் மூச்சு விட்ட கதை

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசாக எரிய எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்கு என்றால் காற்று 14.7 பங்கு. இதைக் கொள்ளளவாக மாற்றினால் கிட்டத்தட்ட 9,000 லிட்டர் வருகிறது. அதாவது தெருவில் வந்து நிற்கும் மெட்ரோ வாட்டர் லாரி ஒன்று நிறையக் காற்று! (சிரிக்காதீங்க, கணக்கு சரிதான்.) பங்க்கில் பெட்ரோலுக்குத்தான் காசு, காற்று இலவசம். இலவசம் என்பதாலேயே அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

யோசிக்கிற ஒரு கூட்டமும் உண்டு. 'கோல்ட் ஏர் இன்டேக்' என்று சொல்லி, கம்பெனி கொடுத்த கறுப்பு டப்பாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, பளபளவென்று ஒரு அலுமினியக் குழாயும் சிவப்புக் கூம்பு ஃபில்டரும் மாட்டுகிறவர்கள். நம்ம கிளாஸிலேயே இரண்டு மூன்று பேர் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. காரின் மூக்கு எங்கே இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம் ஊர் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பதில் சொல்லி வந்திருக்கிறது. அந்தக் கதையை முதலில் பார்த்துவிடுவோம்.

தூசி சொன்ன பதில்

மெட்ராஸ் தெருக்களில் தினமும் ஓடிய முதல் கார் என்று சொல்லப்படுவது, பாரி கம்பெனி இயக்குநர் ஏ.ஜே. யார்க்கின் கார். 1901இல் அடையாறில் இருந்த பென்ஸ் கார்டன் வீட்டிலிருந்து கடற்கரைச் சாலையில் இருந்த அலுவலகத்துக்கு அவர் அதில்தான் போய் வந்தார். பதிவு எண் வழங்கத் தொடங்கியபோது எம்.சி. 1 என்ற எண் துறைமுகத்தைக் கட்டி எழுப்பிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்குப் போனது. எம்.சி. 3 பிரபல கட்டட காண்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியாருடையது. இந்த ஊரில் கார் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

அந்தக் காலத்துக் கார்களில் ஏர் ஃபில்டர் என்ற ஒன்று பொதுவாகக் கிடையாது. கார்புரேட்டரின் வாய் அப்படியே திறந்திருக்கும். சாலையும் தார்ச்சாலை இல்லை, செம்மண்ணும் சரளையும்தான். முன்னால் ஒரு மாட்டு வண்டி போனால் போதும், கிளம்புகிற புழுதி முழுவதும் இன்ஜினுக்குள்ளே போகும். உள்ளே போன மண் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உப்புத்தாள் வேலை செய்யும். இன்ஜினை அடிக்கடி இறக்கி ரிங் மாற்ற வேண்டியிருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1920களில்தான் உலகம் முழுவதும் ஃபில்டர்கள் பரவின. பிறகு 'ஆயில் பாத்' வகை வந்தது. காற்று ஒரு கிண்ணம் எண்ணெயின் மேல் திரும்பிப் போகும்போது தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். எளிமையான, கெட்டியான ஏற்பாடு.

ஆக, முதல் பாடம்: மூக்கு எங்கே இருந்தாலும் அதில் வடிகட்டி இருக்க வேண்டும்.

கரி சொன்ன பதில்

இரண்டாவது பாடத்தை யுத்தம் கற்றுக் கொடுத்தது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரங்கூன் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. பஸ் முதலாளிகளும் கார் வைத்திருந்தவர்களும் என்ன செய்வது என்று விழித்தார்கள். அப்போது டி.வி. சுந்தரம் ஐயங்கார் ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், 'கரி கேஸ் வண்டி' என்று அவர்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பார்கள்.

விஷயம் இதுதான். வண்டியோடு ஒரு இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரிய விடுவார்கள். கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு கிளம்பும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, குழாய் வழியாக இன்ஜினின் மூக்குக்கே கொண்டுபோய்க் காற்றோடு கலந்து விடுவார்கள். பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும்!

ஓடும், ஆனால் முனகிக்கொண்டே ஓடும். அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் இன்ஜினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும். காலையில் கரியைப் பற்ற வைத்துக் காத்திருக்க வேண்டும். சாம்பலும் தாரும் இன்ஜினுக்குள் போகாமல் வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். மூடிய இடத்தில் வைத்து மூட்டினால் உயிருக்கே ஆபத்து. வாயுவை ஏன் குளிரவைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சூடான வாயு விரியும், விரிந்தால் அதே சிலிண்டருக்குள் குறைவாகத்தான் அடங்கும். 'கோல்ட் ஏர்' தத்துவம் மொத்தமும் இதுதான். இந்தப் பெயர் இங்கே புழக்கத்துக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, அன்றைய மெக்கானிக்குகளுக்கு அது கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது.

வேகம் சொன்ன பதில்

யுத்தம் முடிந்ததும் வடக்கே சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் சும்மா கிடந்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாகி, அந்த ஓடுதளம் பந்தயத் திடலாக மாறியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வரும்வரை தென்னிந்தியாவில் கார் ரேஸ் என்றால் சோழவரம்தான். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா 'என்சைன்' என்ற பழைய ஃபார்முலா 1 காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார்.

ஆனால் சோழவரத்தின் உயிர் அந்த மாதிரி வெளிநாட்டுக் கார்களில் மட்டும் இல்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாய் ஃபியட், கல்கத்தா அம்பாசிடர், இவற்றை வைத்துக்கொண்டுதான் பந்தயம் விட வேண்டும். கடையில் 'கிட்' கிடைக்காது. பந்தயக் கார் என்றால் முதல் காரியமாக ஏர் கிளீனரைக் கழற்றுவார்கள். அதன் இடத்தில் நாதஸ்வரத்தின் அணசு மாதிரி ஒரு குழல் கார்புரேட்டரில் ஏறும். பந்தயம் அரை மணி நேரம், தூசியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்! பந்தயத்துக்கு அது நியாயம். மறுநாள் காலை மயிலாப்பூரிலிருந்து மவுண்ட் ரோடு போவதற்கு அது நியாயம் இல்லை.

மூக்கு இடம் மாறியது

அந்தக் கார்களில் மூக்கு இன்ஜினின் தலை மேலேயே இருந்தது. பானட்டைத் திறந்தால் வட்டமான பாத்திரம் மாதிரி தெரியுமே, அதுதான் ஏர் கிளீனர். இன்ஜினின் சூட்டையே அது திரும்ப மூச்சாக இழுத்தது. பல கார்களில் 'கோடை', 'குளிர்காலம்' என்று இரண்டு நிலை வைத்து ஒரு திருகுமுனைகூட இருந்தது. நம் ஊரில் அதைக் குளிர்காலத்துக்குத் திருப்ப வேண்டிய அவசியம் யாருக்கும் வந்திருக்காது :-)

1980களின் பின்பகுதியில் மறைமலை நகரில் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து மாருதிக்குக் கார்புரேட்டர் செய்தது. ஆனால் கார்புரேட்டரின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 2000த்திலும் 2001லும் புகை விதிகள் இன்னும் இறுகின. கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. சாண்ட்ரோவும் ஐகானும் நம் ஊர்ப் பக்கமே தயாராகி வந்த வருஷங்கள் அவை.

கூடவே மூக்கும் இடம் மாறியது. ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ கிரில்லுக்கு மேலோ திறப்பு வைத்து, வெளிக்காற்றைக் குழாய் மூலம் ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனிக்காரர்களே கோல்ட் ஏர் இன்டேக் மாட்டித்தான் காரை அனுப்புகிறார்கள்! ஜி.பி. ரோட்டுக் கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

சரி, எவ்வளவு லாபம்?

வெளியே 35 டிகிரி, பானட்டுக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று சுமார் 8 சதவீதம் அடர்த்தி அதிகம். உங்கள் கார் ஏற்கெனவே வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது என்றால் இந்த 8 சதவீதத்தில் உங்களுக்குப் புதிதாகக் கிடைப்பது மிகக் கொஞ்சம். இன்னொரு வேடிக்கை, குழாயைச் சுருக்கிக் கூம்பு ஃபில்டரை பானட்டுக்குள்ளேயே விட்டால் சூடான காற்றுதான் உள்ளே போகும். பாண்டி பஜார் டிராஃபிக்கில் நிற்கும்போது சத்தம் கூடும், சக்தி குறையும்.

மாட்டுவது கஷ்டம் இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ஹோஸ் கிளாம்பைத் தளர்த்திப் பழைய பெட்டியை எடுக்க வேண்டும். அதில் உள்ள வெப்பநிலை சென்சாரையோ காற்றளவு சென்சாரையோ பத்திரமாகப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். இன்ஜினிலிருந்து வரும் பிரீதர் ஹோஸை மறக்காமல் சேர்க்க வேண்டும். ஃபேனிலும் பெல்ட்டிலும் எதுவும் உரசாமல் இறுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து 'உஸ்' என்று காற்றுக் கசிகிறதா என்று கேட்க வேண்டும். ஃபில்டருக்கு எண்ணெய் பூசுகிற வகை என்றால் அளவோடு பூசுங்கள், அதிகமானால் காற்றளவு சென்சாரில் படிந்துவிடும். வாரண்டி என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை சொன்ன பதில்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கிட் கம்பெனிகள் சொல்கிற 'சரியான' கோல்ட் ஏர் இன்டேக் எப்படி இருக்கும்? குழாய் நீளமாகக் கீழே இறங்கி, ஃபில்டர் பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். காற்று அங்கேதான் குளிர்ச்சி. தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உயரம்.

நாம் இருப்பது எங்கே? தி.நகர் ஒரு காலத்தில் ஏரி. மயிலாப்பூர் ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து 1920களில் உருவாக்கிய நகர் அது. மழை பெய்தால் துரைசாமி சப்வேயும் மேட்லி சப்வேயும் அதை ஞாபகப்படுத்தும். 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் 1 இரவு அடையாறு கரை தாண்டி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை எல்லாம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் காரை நிறுத்திவிட்டுப் போனதைப் பார்த்திருப்பீர்கள்.

தண்ணீர் இன்ஜினுக்கு என்ன செய்யும்? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 1,300 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின், அமுக்க விகிதம் 10 என்றால், பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மிஞ்சுகிற இடம் வெறும் 36 மில்லி. ஃபில்டர் காபி டம்ளரில் பாதிகூட இல்லை. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் பாதி வழியில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறார்கள். பழைய அம்பாசிடரில் தண்ணீர் மூக்குக்கு ஏறுவதற்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து வண்டி நின்றுவிடும். திட்டிக்கொண்டே தள்ளினோம், ஆனால் அந்தக் கோளாறே இன்ஜினைக் காப்பாற்றியது. இன்றைய கார்களில் மின்சாரப் பகுதிகள் நன்றாக மூடியிருப்பதால் தண்ணீரை உறிஞ்சும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது சிரமம். அதற்கென்று தனியாக 'இன்ஜின் புரொடெக்ட்' எடுத்திருக்க வேண்டும்.

வெயில் காரின் மூக்கைக் கீழே இழுக்கிறது, மழை மேலே தள்ளுகிறது. நம் ஊரில் இரண்டும் உண்டு, ஆனால் வெயில் எடுத்துக்கொள்வது இரண்டு மூன்று குதிரைச் சக்தி, மழை எடுத்துக்கொள்வது முழு இன்ஜின். ஆகவே என் யோசனை: கம்பெனிப் பெட்டியை விட்டுவிட்டு உள்ளே ஃபில்டரை மட்டும் நல்லதாக மாற்றுங்கள், அதைத் தவறாமல் சுத்தம் செய்யுங்கள். குழாய்தான் வேண்டும் என்றால் மூக்கை ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே இறக்காதீர்கள். அக்டோபர் பிறந்தால் சப்வேக்குள் இறங்கும் முன் முன்னால் போகிற வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். பாதிச் சக்கரம் மறைந்தால் திரும்பிவிடுங்கள். நடு வழியில் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள், தள்ளுவதற்கு ஆள் கூப்பிடுங்கள். நம் ஊரில் அதற்கு மட்டும் என்றும் பஞ்சம் வந்ததில்லை.