மணிந்தர் அவுட்டா, அஷ்வின் செய்தது நியாயமா? சேப்பாக்கம் முதல் வல்லக்கோட்டை வரை ரசிகர் வாதத்தின் வரலாறு

வல்லக்கோட்டை முருகன் கோயிலிலிருந்து சேப்பாக்கம் மைதானம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கிரிக்கெட்டைப் பொறுத்தவரை இந்தத் தூரம் நெடுங்காலம் கடக்க முடியாததாகவே இருந்தது. 1846இல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கியவர்கள் ஐரோப்பியர்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிப்பாசன ஊர்களுக்கு அந்த ஆட்டத்தில் எந்தப் பங்கும் இல்லை. 1934 பிப்ரவரியில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி சேப்பாக்கத்தின் முதல் டெஸ்டை ஆடியபோதும், 1952 பிப்ரவரியில் வினு மன்கட் 12 விக்கெட் வீழ்த்தி இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்தபோதும், கண்ணால் கண்டு தீர்ப்புச் சொல்லும் உரிமை உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. இன்று வல்லக்கோட்டையை ஒட்டிய ஒரகடம் தொழிற்பேட்டையிலோ வல்லம் வடகால் தொழிற்பேட்டையிலோ ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் தொழிலாளி, மைதானத்தில் நிற்கும் அம்பயரைவிடத் துல்லியமாக அதே பந்தைப் பத்து முறை பார்க்கிறார். பார்வை இப்படிப் பரவலானால் சண்டை குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. ‘என்ன நடந்தது’ என்ற கேள்வி தீரத் தீர, ‘அது சரியா’ என்ற கேள்வி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டு ரசிகர் வாதத்தின் வரலாறு இந்த இடமாற்றத்தின் வரலாறுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பழைய வகை வாதத்துக்கு 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் சென்னைப் புழுக்கத்தில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ரன் குவித்த ஆட்டம் அது. கடைசி நாளில் இந்தியாவுக்கு இலக்கு 348. ஸ்கோர் 347இல் நின்றபோது, கடைசிக்கு முந்தைய பந்தில் கிரெக் மாத்யூஸின் சுழல் இந்தியாவின் பதினொன்றாம் ஆட்டக்காரர் மணிந்தர் சிங்கின் காலில் பட்டது. அம்பயர் விக்ரமராஜு விரலை உயர்த்தினார். எதிர்முனையில் 48 ரன்னோடு நின்ற ரவி சாஸ்திரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது ‘டை’ அது. பந்து முதலில் மட்டையில் பட்டது என்றார் மணிந்தர். விக்ரமராஜுவோ பின்னாளிலும் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அதன் பிறகு அவர் எந்த டெஸ்டிலும் அம்பயராக நிற்கவும் இல்லை. அந்த வாதத்தின் பொருள் முழுக்க முழுக்க ஓர் உண்மை விவரம்: பட்டதா, படவில்லையா? பந்தின் தடத்தைக் காட்டும் கணினிப் படமோ, மட்டை உரசும் ஒலியைக் கோடாக வரையும் கருவியோ அன்று இல்லை. எனவே ‘நான் உள்ளே இருந்தேன்’ என்பதே ஒரு வாதமாகச் செல்லுபடியானது. அம்பயர் இந்தியர் என்பதால், பாரபட்சம் என்ற வழக்கமான குற்றச்சாட்டுக்கும் இங்கே வேலை இல்லாமல் போனது. அந்தக் குற்றச்சாட்டைத் தவிர்க்கவே, அதே ஆண்டு நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய டெஸ்டுக்கு ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரு இந்தியர்கள் அழைக்கப்பட்டார்கள். நவீன கால நடுநிலை அம்பயர் ஏற்பாடு அப்படித்தான் பிறந்தது.

மறு ஆண்டே அதே மைதானத்தில் இரண்டாம் வகை வாதத்தின் விதை விழுந்தது. 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டம். மணிந்தர் பந்தில் டீன் ஜோன்ஸ் அடித்த ஓர் அடிக்கு நான்கு ரன் என்று சைகை காட்டப்பட்டது. இன்னிங்ஸ் இடைவேளையில் ஆஸ்திரேலியர்கள் முறையிட, இந்திய அணித்தலைவர் கபில் தேவும் ஒப்புக்கொள்ள, அது ஆறாகி 268 என்ற எண்ணிக்கை 270 ஆனது. இந்தியா 269இல் சுருண்டது. கடைசியாக ஆட்டமிழந்தவர் மறுபடியும் மணிந்தர்தான். பந்து எங்கே விழுந்தது என்பது கபிலின் ஒப்புதலோடு முடிந்துபோன செய்தி. ஆனால் கபில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டுமா என்ற கேள்வியை எந்தக் கேமராவாலும் முடித்துவைக்க முடியாது. அக்காலத்தில் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி போன்றோர் வானொலியில் வழங்கிய தமிழ் வர்ணனை, ஆங்கிலம் அறியாத கேட்பவருக்கும் ஆட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வாதிடுவதற்கான தமிழையும் அதுவே பரப்பியது. இருந்தாலும் வர்ணனையாளர் சொன்னதை மறுக்க டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருந்தவருக்கு வழி இல்லை.

1992இல் டர்பனில், காணொளியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மூன்றாம் அம்பயர் வந்தார். அந்த முறையில் ரன் அவுட் ஆன முதல் ஆட்டக்காரர் சச்சின் டெண்டுல்கர். அடுத்த கட்டம் கருவியையே சந்தேகிப்பது. 2011 மார்ச் 30, பாகிஸ்தானுக்கு எதிரான மொஹாலி உலகக் கோப்பை அரையிறுதியில் சயீத் அஜ்மல் பந்தில் சச்சினுக்கு எல்பிடபிள்யூ தரப்பட்டது. ரிவ்யூவில் பந்து லெக் ஸ்டம்பைத் தவறவிடும் என்று திரை காட்டியது. பாகிஸ்தான் ரசிகர்கள் படத்தையே நம்ப மறுத்தார்கள். நம்மவர் அதைக் கேலி செய்தார்கள் என்றாலும், டிஆர்எஸ் என்ற இந்த ரிவ்யூ முறையை இருதரப்புத் தொடர்களுக்கு முழுமையாக ஏற்க 2016 இறுதிவரை தயங்கியது இந்திய வாரியம்தான்! இப்போது அந்தச் சந்தேகம் தேய்ந்து, பந்து ஸ்டம்பை ஓரமாக உரசினால் அம்பயரின் முதல் முடிவே நிற்கும் என்ற ‘அம்பயர்ஸ் கால்’ நியாயமான விதியா என்ற சண்டை நடக்கிறது. பந்து ஸ்டம்பை உரசும் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டபின் எழும் சண்டை அது.

2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூர் ஐபிஎல் ஆட்டத்தில் தமிழ்நாட்டுச் சுழல் பந்துவீச்சாளர் அஷ்வின், பந்து வீசும் முன்பே கிரீஸைத் தாண்டிய எதிர்முனை ஆட்டக்காரர் பட்லரை ரன் அவுட் செய்தார். விவரத்தில் ஐயம் சொற்பம். வாதம் முழுக்கத் தர்மம் பற்றியது. இங்கே ஒரு வலுவான மறுப்பு எழலாம்: நியாயம் பற்றிய சண்டை புதிதா என்ன? 1932–33இல் ஜார்டினின் ‘பாடிலைன்’ உத்தி கிளப்பிய புயலும், 1947இல் சிட்னியில் பில் பிரவுனை மன்கட் இதே முறையில் வீழ்த்தியபோது எழுந்த சர்ச்சையும் கேமராவுக்காகக் காத்திருக்கவில்லையே? உண்மைதான். ஆனால் அன்று வழக்காடியவர்கள் வாரியங்களும் பத்திரிகைகளும் ஆட்டக்காரர்களுமே. மன்கட்டின் பெயரையே அந்த அவுட்டுக்குச் சூட்டியவை ஆஸ்திரேலியப் பத்திரிகைகள். அவருக்குப் பரிந்து எழுதியவர் பிராட்மன். மன்கட்டைக் கொண்டாடிய சென்னை ரசிகரின் குரல் அந்த வழக்கில் பதிவாகவே இல்லை. 2019இல் நிலைமை தலைகீழ். அஷ்வின் பின்னர் தம் யூடியூப் சேனலில் தமிழிலேயே கிரிக்கெட் பேசத் தொடங்கினார். கேட்டவர்கள் அதே தமிழில் பதிலும் எழுதினார்கள். 2022 அக்டோபரில், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் மெரில்போன் கிரிக்கெட் கிளப் (எம்சிசி) இந்த அவுட்டை ‘நியாயமற்ற ஆட்டம்’ பற்றிய 41ஆம் விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட்டுக்கான 38ஆம் விதியில் சேர்த்தது. ரசிகர்கள்தாம் இதைச் சாதித்தார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. அவர்கள் எழுப்பிய கேள்வியும் விதி திருத்தியவர்கள் கையிலிருந்த கேள்வியும் ஒன்று என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

தொழிற்பேட்டை வட்டாரத்துக்கு இதில் என்ன இடம்? 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையிலிருந்து இன்றைய பாக்ஸ்கான் வரை, செல்போனைச் செய்வது இங்கே பலருக்குப் பிழைப்பு. இங்கே ஆட்டத்தை முழுதாகப் பார்க்கும் வசதி பலருக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் என்றால் பெரும்பாலும் விடியற்காலையில், இரவு ஷிப்ட் முடியும் முன்பே தொடங்கிவிடும். இங்கிலாந்தில் என்றால் பிற்பகல் 3.30க்கு. 2021 ஜனவரி 19 அன்று, பகலில், பிரிஸ்பேனில் இந்தியா வென்றபோது முதல் ஷிப்டில் நின்றவர்களுக்குக் கிடைத்தது பின்னர் வந்த துண்டுக் காணொளிகள்தாம். ஆட்டத்தின் ஓட்டத்தைத் தவறவிட்டவர் துண்டுகளை வைத்து வாதிடும்போது, அந்த நேரத்தின் பதற்றம் போய் முடிவின் நியாயம் மட்டும் மிஞ்சுகிறது. ஒடிசாவிலிருந்து வந்தவரும் திருவண்ணாமலையிலிருந்து வந்தவரும் ஒரே அறையில் பார்ப்பது ஒரே துண்டைத்தான்; ஊர் வேறு, மொழி வேறு, விவரத்தில் வேற்றுமை இல்லை.

இதெல்லாம் மிகை, நடப்பது தோனியா கோலியா என்ற ரசிகர் மன்றச் சண்டையும் வசவும்தானே என்பது அடுத்த மறுப்பு. வசவு மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2023 ஜூனில் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில், பந்துவீச்சுத் தரவரிசையில் முதலிடத்திலிருந்த அஷ்வினை வெளியே உட்காரவைத்தபோது எழுந்த கோபத்தைப் பாருங்கள். ஆடுகளத்தின் ஈரம், எதிரணியில் இத்தனை இடக்கை ஆட்டக்காரர்கள், வெளிநாட்டு டெஸ்டுகளில் அவர் எடுத்த விக்கெட் என்று காரணங்களோடுதான் கோபம் வந்தது. தமிழ்நாட்டுப் பற்று அதில் கலந்திருந்தது என்பதாலேயே அது வாதம் இல்லாமல் போய்விடாது.

இந்த வாதத்தின் பதிவுக்குள் பெண்கள் இன்னும் வரவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2022 செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸில் தீப்தி சர்மா சார்லி டீனை அதே முறையில் ரன் அவுட் செய்தார். புதிய விதி அமலுக்கு வர ஒரு வாரம் இருந்தது. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் உலகக் கோப்பையை இந்தியப் பெண்கள் வென்றபோது, இறுதியில் 58 ரன்னும் 5 விக்கெட்டும் எடுத்தவர் அவர்தான். வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,000க்கு மேற்பட்டோர் தங்கலாம். தீப்தி செய்தது சரியா என்று அங்கே நடக்கும் பேச்சை எந்தக் கிரிக்கெட் வரலாற்றாசிரியரும் இன்னும் குறித்துவைக்கத் தொடங்கவில்லை.