அலை உண்டா, இல்லையா?

போன வாரம், ஐன்ஸ்டைன் தனக்கு வந்த ஓர் உறையைப் பிரித்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். உள்ளே இருந்தவை பத்துப் பக்கங்கள்.

அனுப்பியவர் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழின் ஆசிரியர் ஜான் டேட். எழுதியவரின் பெயர் இல்லை. ஐன்ஸ்டைனும் அவருடைய இளம் கூட்டாளி நேதன் ரோசனும் எழுதிய கட்டுரையில் பிழை இருக்கிறது என்று அந்தப் பக்கங்கள் சொல்லின.

ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்தது.

அவர் பழகிய ஜெர்மானிய இதழ்களில், கட்டுரையை வெளியாளிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் வழக்கம் இருந்ததில்லை. அச்சிடத்தானே அனுப்பினோம், அதற்கு முன் இன்னொருவரிடம் காட்ட உங்களுக்கு யார் அனுமதி தந்தது என்று கேட்டு டேட்டுக்குப் பதில் எழுதினார். அந்த முகமறியா ஆளின் குறிப்புகளே தவறு என்றார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அப்படி என்ன இருந்தது அந்தக் கட்டுரையில்?

காலவெளியில் ஈர்ப்பு அலை எழும் என்று 1916-இல் சொன்னவரே ஐன்ஸ்டைன்தான். அது தோராயக் கணக்கு. இருபது ஆண்டு கழித்து, 1936-இல், ரோசனோடு உட்கார்ந்து துல்லியமான விடை தேடினார். சமன்பாட்டுக்குள் முடிவிலி முளைத்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் முளைத்தது. முடிவிலி வருகிற இடத்தில் இயற்கை இருக்க முடியாது என்பது அவர் நம்பிக்கை. ஆகவே, ஈர்ப்பு அலைகளே கிடையாது! நண்பர் மாக்ஸ் பார்னுக்கும் இதை எழுதிவிட்டார்.

இது சின்ன விஷயமில்லை. அலை உண்டென்றால் காலவெளி தானே அதிரும், ஆற்றலைச் சுமந்து செல்லும். அப்படியானால் அது ஒரு பொருள். அலை இல்லையென்றால், காலவெளி வெறும் கணக்குச் சட்டகம்தானோ என்ற சந்தேகம் வலுக்கும். வானியலாளர் எடிங்டன் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்: ஐன்ஸ்டைன் கண்ட அலைகளில் சில, நாம் போட்ட ஆயக்கோடுகளின் நெளிவு மட்டுமே; அவை நம் எண்ணம் ஓடுகிற வேகத்தில் ஓடும்.

இப்போது பிரின்ஸ்டனுக்கு வருவோம். ரோசன் சோவியத் நாட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் லியோபோல்ட் இன்ஃபெல்ட். போலந்தில் பேராசிரியர் பதவி எட்டாமல் போன யூதர். ஐன்ஸ்டைனை நம்பிக் கடல் கடந்தவர். ஈர்ப்பு அலை இல்லை என்று கேட்டதும் முதலில் திகைத்தார். ஒளிக்கு அலை உண்டு, ஈர்ப்புக்கு மட்டும் ஏன் இல்லை? ஆனால் சொல்வது ஐன்ஸ்டைன். மெல்ல மெல்ல நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை, தன் பங்குக்கு ஒரு நிரூபணமும் செய்தார்.

அதை ஒருவரிடம் காட்டினார்.

ஹோவர்ட் ராபர்ட்சன். பிரின்ஸ்டன் பேராசிரியர், கலிஃபோர்னியாவில் ஓராண்டு இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். இந்த முடிவை நான் நம்பவில்லை என்றார். இன்ஃபெல்டின் கணக்கை வரிவரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் வைத்தார்.

பிழை!

ராபர்ட்சனுக்கு விஷயம் முழுதும் தெளிவாக இருந்தது. வட துருவத்தில் தீர்க்கரேகைகள் எல்லாம் ஒரே புள்ளியில் முட்டிக்கொள்கின்றன. அதனால் அங்கே பூமி கிழிந்தா போயிருக்கிறது? கோளாறு கோட்டில், தரையில் இல்லை. ஐன்ஸ்டைன் கண்ட முடிவிலியும் அப்படித்தான். உருளை வடிவ ஆயங்களுக்கு மாறினால் அது நடு அச்சுக்குப் போய்விடும். அலையை எழுப்பும் பொருள் இருக்கவேண்டிய இடமும் அதுதானே!

இன்ஃபெல்ட் பதறிக்கொண்டு ஐன்ஸ்டைனிடம் போனார். உலகப் புகழ்பெற்ற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. நேற்றிரவு நானே என் நிரூபணத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றார் ஐன்ஸ்டைன்.

இங்கேதான் சிக்கல். மறுநாள் பிரின்ஸ்டனில் அவர் பேசவேண்டும். தலைப்பு, ஈர்ப்பு அலைகள் இல்லை என்பது. நிரூபணம் உடைந்துவிட்டது. மாற்று விடை இன்னும் கைக்கு வரவில்லை.

வேறொருவராக இருந்தால் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருப்பார்.

ஐன்ஸ்டைன் மேடை ஏறினார். தான் எங்கே இடறினார் என்பதையே உரையாக்கினார். இறுதியில், அலைகள் உண்டா இல்லையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆனால் மிகச் சுவையான கேள்வி என்று சொல்லி முடித்தார். அவருடைய வாழ்வின் பெரிய வெற்றிகளுக்குச் சமமாக இந்த ஒரு மணி நேரத்தையும் நான் வைப்பேன்.

கட்டுரை வேறொரு இதழில், வேறு தலைப்பில், தலைகீழான முடிவோடு வெளிவந்தது. பிழையைத் தெளிவாக்க உதவிய ராபர்ட்சனுக்கு அதில் நன்றியும் சொன்னார் ஐன்ஸ்டைன்.

அந்தப் பத்துப் பக்கங்களை எழுதிய முகமறியா ஆள் யார் தெரியுமா?

அதே ராபர்ட்சன்தான். 2005-இல்தான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது.

ரோசன் மட்டும் மசியவில்லை. சமதள அலைகள் சாத்தியமே இல்லை என்று சோவியத் இதழில் தனியாக எழுதினார். சண்டை தீரவில்லை. சமன்பாட்டில் அலை வருகிறது, சரி. அது எதையாவது அசைக்குமா? துளி ஆற்றலாவது சுமக்குமா? விடை தெரியாமலே 1955-இல் ஐன்ஸ்டைன் மறைந்தார்.

1957, ஜனவரி. வட கரோலினாவில் ஈர்ப்பு பற்றி ஒரு மாநாடு. ஒருவர் ஒரு நாள் தாமதமாக விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. தங்களுக்குள் 'ஜி-மியூ-நியூ' என்று முணுமுணுத்தபடி நேற்று சிலர் போயிருப்பார்களே, அவர்கள் போன இடத்துக்கு என்னையும் அனுப்புங்கள் என்கிறார் டாக்ஸி நிலையத்தில்! ஈர்ப்புச் சமன்பாட்டில் வருகிற குறி அது.

இருபது ஆண்டுச் சண்டையை ஒரு குச்சியையும் இரண்டு மணிகளையும் வைத்து முடிக்கப்போகிறவர் அவர்தான். மாநாட்டுப் பதிவேட்டில் அவர் எழுதிய பெயரோ பொய்ப் பெயர்.

ஏன்?

(தொடரும்)