ரீடிங் பிள்ளைகளும் லண்டன் பேனாக்களும்

கிட்டார் யுத்தங்கள் – 17

1993 ஏப்ரல் மாத 'செலக்ட்' இதழின் அட்டையில், பிரிட்டன் கொடிக்கு முன்னால் நிற்கிறார் ஸ்வேட் குழுவின் பாடகர் பிரெட் ஆண்டர்சன். அமெரிக்கர்களை ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்கிறது தலைப்பு. தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் கிட்டார் அலையான பிரிட்பாப் அங்கேதான் பிறந்தது என்று பலரும் சத்தியம் செய்வார்கள். அந்த அட்டையின் கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன வாரமே எழுதியிருந்தேன். ஆனால், ஸ்வேட் அந்த மேடையில் ஏறுவதற்கு முன் வேறு சிலர் அதிலிருந்து கீழே தள்ளப்பட்டார்கள். அவர்கள் கதையை ஒழுங்காகச் சொல்பவர்கள் குறைவு. முதலில் அவர்களுக்கு நியாயம் செய்துவிடுவோம்.

ஸ்பைக் தீவுக் கச்சேரியோடு மான்செஸ்டர் அலை உச்சம் தொட்டதைப் பார்த்தோம். அது 1990 மே மாதம். அதற்குப் பிறகு எந்த ஊர், எந்தக் குழு என்று லண்டன் பத்திரிகைகள் தேட ஆரம்பித்தன. மெலடி மேக்கர், என்.எம்.இ., சவுண்ட்ஸ் என மூன்று வார இதழ்கள். மூன்றும் விரலில் மை ஒட்டும் செய்தித்தாள் காகிதத்தில் வந்தவை. வாரா வாரம் அட்டைக்கு ஆள் வேண்டும். ஒரு குழு நன்றாக வாசித்தால் அது ஒரு பக்கக் கட்டுரை, அவ்வளவுதான். நான்கு குழுக்களைச் சேர்த்து ஒரு பெயர் வைத்துவிட்டால் அது இயக்கமாகிவிடும். இயக்கம் என்றால் அட்டைப்படம் உண்டு, வாசகர் கடிதம் உண்டு, பல வாரங்களுக்குச் சண்டையும் உண்டு.

1990இல் மெலடி மேக்கரின் ஸ்டீவ் சதர்லாந்து அப்படி ஒரு பெயர் வைத்தார்: 'தன்னைத் தானே கொண்டாடிக்கொள்ளும் கூட்டம்'. லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் சிண்ட்ரோம் என்ற கிளப்பில் லஷ், மூஸ், சாப்டர்ஹவுஸ் போன்ற குழுக்களின் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள். ஒருவர் கச்சேரிக்கு மற்றவர் போவார்கள், கை தட்டுவார்கள். ராக் இசைக் குழுக்கள் என்றால் ஒன்றையொன்று கடித்துக் குதற வேண்டும் என்று எதிர்பார்த்த நிருபர்களுக்கு இந்த நட்பு விசித்திரமாகத் தெரிந்தது. பெயரிலேயே குத்தலும் இருந்தது. பிளர் குழுவும் அப்போது இந்தப் பட்டியலில்தான் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் உதவும்.

இரண்டாவது பெயர் இன்னும் கொடியது. மூஸ் குழுவின் கச்சேரி ஒன்றில், பாடகர் ரஸ்ஸல் யேட்ஸ் பாடல் வரிகளைத் தாளில் எழுதி மேடைத் தரையில் ஒட்டிவைத்திருந்தார். பாடும்போதெல்லாம் தலை கீழே. சவுண்ட்ஸ் இதழின் விமர்சனத்தில் 'ஷூகேசிங்' என்ற சொல் வந்து விழுந்தது. தன் காலணியையே பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் என்று கேலி. சொல்லை முதலில் உதிர்த்தவர் ஃபுட் ரெக்கார்ட்ஸின் ஆண்டி ராஸ் என்பார்கள். அது பிளர் குழுவின் நிறுவனம்.

அவர்கள் ஏன் குனிந்து நின்றார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தக் கேலி எழுந்திருக்காது. கிட்டார் கலைஞரின் காலடியைப் பாருங்கள். கைக்கடக்கமான உலோகப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒன்றை மிதித்தால் ஒலி கரகரக்கும். அடுத்தது அதே ஒலியை எதிரொலியாக்கி மடக்கி மடக்கித் திருப்பி அனுப்பும். இன்னொன்று அதைக் கோயில் மண்டபத்தில் வாசித்ததுபோல விரித்துவிடும். பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும் அரை நொடியில் இதில் ஒன்றை அணைத்து இரண்டை மிதிக்க வேண்டும். சற்றே தப்பினால் பாட்டு காலி. வேலையில் கண் வைத்திருந்தவர்களைத்தான் வெட்கத்தில் கூனியவர்கள் என்று எழுதினார்கள்.

இந்த ஒலிக்கு மூலவர் மை பிளடி வாலண்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ். கிட்டாரின் அதிர்வுக் கம்பியைக் கைக்குள்ளேயே பிடித்தபடி தந்திகளை மீட்டுவார். சுருதி மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே போகும். 1991 நவம்பரில் வந்த 'லவ்லெஸ்' ஆல்பத்துக்காக இரண்டு வருடங்கள், ஏறத்தாழ இருபது ஸ்டூடியோக்கள். அவர் மேதை. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் மேதைகளை யாரும் கவனித்துக்கொள்வார்கள். என் மனம் போவது ரீடிங் நகரத்துப் பிள்ளைகள் பக்கம்.

நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் காஸ்வெல். சிறு வயதிலிருந்தே நண்பர்கள். 1989இல் ஸ்லோடைவ் என்ற குழுவைத் தொடங்கியபோது இருவரும் பதின்வயதில் இருந்தார்கள். மூன்றாவதாக ஒரு கிட்டார் கலைஞர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது என்று விளம்பரம் கொடுத்தார்கள். வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். கிறிஸ்டியன் சாவில் என்ற பையன், தேவைப்பட்டால் பெண் உடை அணிந்துகொண்டு வாசிக்கத் தயார் என்று எழுதியிருந்தான். சேர்த்துக்கொண்டார்கள். இன்றுவரை அவர்தான் வாசிக்கிறார். இத்தனை வெள்ளந்தியான பிள்ளைகளை கிரியேஷன் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 1990 நவம்பரில் முதல் தட்டு வந்ததும் பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின.

1991 செப்டம்பர் தொடக்கத்தில் முதல் ஆல்பம் 'ஜஸ்ட் ஃபார் எ டே' வெளியானது. அதே மாதம் 24ஆம் தேதி அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்து இறங்கியது. சியாட்டில் இளைஞர்களின் கிழிந்த சட்டையும் கத்தலும் லண்டன் நிருபர்களுக்குப் புதுப் போதை தந்தன. தாங்கள் பெயர் வைத்து வளர்த்த பிள்ளைகள் திடீரென்று அவர்களுக்கே சலித்துப்போனார்கள். தேம்ஸ் பள்ளத்தாக்கின் நடுத்தர வர்க்கப் பிள்ளைகள், வலியும் தெரியாது, வறுமையும் தெரியாது, சும்மா மிதக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. அப்படிக் குற்றம் சாட்டியவர்கள் எல்லாரும் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களா என்ன? மானிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் குழுவின் ரிச்சி எட்வர்ட்ஸ், ஹிட்லரைவிட ஸ்லோடைவை அதிகமாக வெறுப்போம் என்றே பேட்டியில் சொன்னார். ரிச்சியை எனக்குப் பிடிக்கும். அவருக்குத் தனி அத்தியாயமே பின்னால் வருகிறது. ஆனாலும் இருபது வயதுப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன இந்த வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதற்கிடையில் நீலும் ரேச்சலும் காதலித்துப் பிரிந்திருந்தார்கள். பிரிந்த பிறகும் ஒரே குழுவில், ஒரே மைக் முன்னால் நின்று பாட வேண்டும். அடுத்த ஆல்பத்துக்காக அவர்கள் கொண்டுபோன சுமார் 40 பாடல்களை கிரியேஷன் முதலாளி ஆலன் மெக்கீ பிடிக்கவில்லை என்று ஒதுக்கினார். நீல் வேல்ஸ் பக்கம் ஒரு குடிலுக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து எழுதினார். தங்கள் ஆல்பத்தைத் தயாரித்துத் தரும்படி புகழ்பெற்ற தயாரிப்பாளர் பிரையன் ஈனோவுக்கும் கேட்டு எழுதினார்கள். அவர் தயாரிக்க மறுத்தாலும் சேர்ந்து வாசிக்க ஒப்புக்கொண்டார். இரண்டு பாடல்களில் அவர் பங்கு இருக்கிறது. இப்படித்தான் உருவானது 1993இல் வந்த 'சூவ்லாக்கி'. கடைசிப் பாடல் 'டாகர்'. அதில் இரைச்சல் இல்லை. கிட்டாரும் குரலும்தான். வலி தெரியாத பிள்ளைகள் என்று எழுதியவர்கள் அந்தப் பாடல்வரை கேட்டார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மெலடி மேக்கரில் வந்த விமர்சனம், இதை இன்னொரு முறை கேட்பதைவிடக் கஞ்சி நிரம்பிய தொட்டியில் மூழ்கி மூச்சுத்திணறிச் சாவதே மேல் என்றது. வேடிக்கையாக எழுதிவிடலாம். அந்த நக்கலுக்குப் பின்னால் ஒரு குழுவின் பிழைப்பு இருக்கிறது. ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் முதல் ஐம்பதுக்குள்கூட வரவில்லை. 1995 பிப்ரவரியில் மூன்றாவது ஆல்பம் 'பிக்மேலியன்' வந்த ஒரு வாரத்தில் கிரியேஷன் அவர்களைக் கைகழுவியது. அதே நிறுவனத்திடம் அப்போது பிரிட்பாப்பின் வெற்றிக் குழுவான ஓயாசிஸ் இருந்தது. ஸ்லோடைவ் இனி எதற்கு?

இதே ஷூகேசிங் கூட்டத்தில் ஆக்ஸ்போர்டின் ரைட் குழு கொஞ்சம் தாக்குப்பிடித்து 1996இல் உடைந்தது. அதன் ஆண்டி பெல் 1999இல் ஓயாசிஸில் பேஸ் கிட்டார் வாசிக்கப் போனார். லஷ் குழுவின் டிரம்மர் கிறிஸ் ஆக்லண்ட் 1996இல் தற்கொலை செய்துகொண்டார். குழுவும் அத்தோடு முடிந்தது. பிளர் மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டு நழுவி, 1994 ஏப்ரலில் 'பார்க்லைஃப்' ஆல்பத்தோடு மகுடம் சூடியது. அதன் பாடகர் டேமன் ஆல்பர்ன் கெட்டிக்காரர். அது குற்றமில்லை.

பத்திரிகைகள் இதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. 1994இல் என்.எம்.இ. 'புதிய அலையின் புதிய அலை' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெல்வின் கார்டன் சிட்டியின் ஸ்மாஷ், பிரைட்டனின் தீஸ் அனிமல் மென் என்று சில குழுக்கள். அந்த வருடம் முடிவதற்குள் பேச்சே இல்லை. 1995 நவம்பரில் மெலடி மேக்கர் 'ரோமோ' என்றது. மறு வருடமே அதையும் மறந்தார்கள். ஒவ்வொரு முறையும் பெயர் வைத்தவர்கள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். வேலை போனது வாசித்தவர்களுக்குத்தான். சதர்லாந்து 1992இல் போட்டிப் பத்திரிகையான என்.எம்.இ.க்கே ஆசிரியராகப் போனார்.

ஆனால் காலம் வேறு கணக்கு வைத்திருந்தது. 'ஷூகேசிங்' என்று அச்சிட்ட சவுண்ட்ஸ், 1991 ஏப்ரலிலேயே மூடப்பட்டது. மெலடி மேக்கர் 2000 டிசம்பரோடு முடிந்தது. என்.எம்.இ. 2018 மார்ச்சில் வார இதழாக அச்சில் வருவதை நிறுத்தியது. ஸ்லோடைவ் 2014இல் பார்சிலோனாவின் பிரிமாவேரா விழா மேடையில் மறுபடி ஏறினார்கள். சூவ்லாக்கி வந்தபோது பிறந்திருக்காத பிள்ளைகள் இன்று அவர்கள் கச்சேரிகளில் முன்வரிசையில் நிற்கிறார்கள். தங்கள் இசை ஷூகேஸ்தான் என்று பெருமையாகச் சொல்லும் குழுக்கள் ஜகார்த்தாவிலும் டோக்கியோவிலும் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் வந்த ஸ்லோடைவின் 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் ஆறாம் இடம் பிடித்தது. முப்பது வருடத்தில் ஸ்லோடைவ் முதல் பத்துக்குள் வந்தது அதுதான் முதல் முறை.

பக்கம் நிரம்பிவிட்டது. செலக்ட் அட்டை அடுத்த வாரம். அதற்குள் 'சூவ்லாக்கி'யை ஒரு முறை முழுதாகக் கேட்டுவிடுங்கள், நாற்பது நிமிடம்தான். கேட்டுவிட்டு வந்தால், ஸ்வேட் யாருடைய இடத்தில் நின்றது என்று நான் விளக்க வேண்டியிருக்காது.

(யுத்தம் தொடரும்)